மருதமுனைக் கைத்தறி என்று வந்த ஆறு சேலைகள்

வைகாசியில் அம்மன் கோயிலில் நடக்கும் குளிர்த்திச் சடங்குக்கு ஒரு சேலை வாங்க நினைத்தேன். ஒன்றே ஒன்று. கடைசியில் ஆறு வாங்கினேன், 15,600 ரூபாய் கொடுத்தேன், அந்த ஆறில் ஒன்றைக்கூட மனதாரக் கட்ட முடியவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில், களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனை வரை எனக்குத் தெரிந்தே நான்கு பெண்கள் இதே பேஸ்புக் பக்கத்துக்குப் பணத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மச்சாள் வட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு அனுப்பியிருந்தார். பேஸ்புக் நேரலையில் ஒரு பெண் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "மருதமுனைக் கைத்தறி, சுத்தப் பருத்தி, தறியிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு" என்று நிமிடத்துக்கு ஒரு முறை சொன்னார். மருதமுனை எங்களுக்குப் பக்கத்தில், கைத்தறிக்குப் பேர்போன ஊர். ஒன்று 3,200 ரூபாய், மூன்றாக எடுத்தால் 7,500. இரவு பத்து மணியோடு அந்த விலை முடிந்துவிடும் என்றார். நான் ஆசிரியை, வாரத்தில் ஐந்து நாளும் சேலை கட்டித்தான் பாடசாலைக்குப் போகிறேன். எப்படியும் தேவைப்படும் என்று நினைத்தேன். முதலில் மூன்று சொன்னேன். பத்து மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது இன்னும் மூன்று சொன்னேன்.

ஐந்தாம் நாள் கூரியர் தம்பி பொதியோடு வந்தார். திறந்து பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்றேன். "பணம் தந்த பிறகுதான் திறக்கலாம் ரீச்சர், எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொண்டுவந்து கொடுப்பது மட்டுமே அவர் வேலை. சேலைக்கு 15,000, கூரியருக்கு 600, எண்ணிக் கொடுத்தேன்.

பொதிக்குள் நான் கேட்ட நிறங்களில் இரண்டுதான் இருந்தன. மற்ற நான்கில் இரண்டு ஒரே நிறம். சட்டைத் துண்டு உண்டு என்று சொன்னார்கள், ஒன்றிலும் இல்லை. அளந்து பார்த்தேன்: ஐந்தரை மீற்றர் இருக்க வேண்டியது ஐந்து மீற்றர்கூட இல்லை. கொய்யகம் மடித்தால் தலைப்பு தோளோடு நின்றுவிடுகிறது. படம் எடுத்து அனுப்பினேன். "பார்த்துச் சொல்கிறோம் அக்கா" என்று ஒரு பதில் வந்தது. அடுத்த நாள் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள்.

அப்போதும் துணி பருத்திதான் என்று நம்பினேன். குளிர்த்தியன்று ஒன்றைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கச்சான் காற்று அடிக்கும் காலம். அனல் முகத்தில் அறைகிற அந்த நாட்களில் நல்ல பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். இது உறிஞ்சவில்லை. பொலித்தீனைச் சுற்றிக்கொண்டதுபோல உடம்போடு ஒட்டிக்கிடந்தது. அம்மன் முன்னால் கைகூப்பி நின்றபோதுகூட எப்போது வீட்டுக்குப் போய் இதைக் கழற்றுவேன் என்றுதான் இருந்தது. அந்த நினைப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது.

எங்கள் பாடசாலையில் மருதமுனை ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய வாப்பா பல வருடம் தறியில் இருந்தவர். திங்கட்கிழமை ஒரு சேலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பிப் பார்த்தார். பூவேலை முன்பக்கம் பளிச்சென்று இருந்தது, பின்பக்கம் வெளிறிக் கிடந்தது. "சாயமிட்ட நூலில் நெய்திருந்தால் இரண்டு பக்கமும் நிறம் தெரியும். இது வெள்ளைத் துணியில் அச்சடித்தது" என்றார். கரையோரத்தை விரலால் தடவினார். நெய்யும்போது துணி அகலம் சுருங்காமல் இருக்க முள் வைத்த சட்டத்தால் இரு பக்கமும் இழுத்துப் பிடிப்பார்களாம். நெசவாளர் அதைக் கையால் நகர்த்தி நகர்த்தி வைப்பதால் கரையில் சிறு துளைகள் சற்று ஒழுங்கு தவறித் தெரியும். இதில் அப்படி ஒன்றுமே இல்லை. பிறகு ஓரத்திலிருந்து நான்கு நூலை உருவி, சாவணத்தில் பிடித்து நெருப்புக் காட்டினார். பருத்தியாக இருந்தால் காகிதம் எரியும் மணம் வரும், மென்மையான சாம்பலாக உதிரும். இந்த நூல் உருகிச் சுருண்டு, கடினமான கறுப்பு மணியாக இறுகியது. பொலியெஸ்டர்.

அவர் அதிகம் பேசவில்லை. "எங்கள் ஊர்ப் பேரையும் விற்கிறார்கள்" என்றார். 2004 ஆழிப்பேரலையில் எத்தனையோ உயிர்களையும் வீடுகளையும் பறிகொடுத்த கரையோர ஊர் அது. மறுபடி தறி போட்டு நெய்கிறவர்களின் பேரில் அச்சடித்த பொலியெஸ்டரை விற்பவர்கள் என்னிடம் மட்டும் திருடவில்லை. அந்த நெசவாளர்களுக்குப் போயிருக்க வேண்டிய 15,000 ரூபாயையும் சேர்த்தே திருடினார்கள்.

அன்று மாலை அந்த ஆறையும் எங்காவது வைக்கலாம் என்று அலுமாரியைத் திறந்தேன். இடமில்லை. எல்லாவற்றையும் கட்டிலில் இறக்கிவைத்து மகளை எண்ணச் சொன்னேன். 61 சேலைகள். அவற்றில் 23 ஒரு வருடமாக உடம்பில் படாதவை. மயில்நீலத்தில் மட்டும் ஐந்து. நேரலையில் நான் கேட்டு வாங்கியதும் மயில்நீலம்தான். ஒன்பது சேலைகளுக்குச் சட்டையே தைக்கவில்லை, ஏழின் சட்டைகள் கை ஏறவில்லை. மடித்த மடிப்பிலேயே வருடக்கணக்கில் கிடந்து, எங்கள் உப்புக்காற்றில் சரிகை கறுத்து, மடிப்போடு இழை விட்டுப்போன பட்டுச் சேலையும் ஒன்று. அது அம்மா வாங்கித் தந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

ஏமாற்றியது அவர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அலுமாரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த இரவில் ஆறு சேலைக்குக் கை நீட்டியிருக்க மாட்டேன். ஒன்று வேண்டுமென்றால் துணியைப் பார்ப்போம், தொடுவோம், கரையைத் திருப்புவோம். மூன்று எடுத்தால் மலிவு என்று கேட்டவுடனே நான் துணியை விட்டுவிட்டு ரூபாயை எண்ணத் தொடங்கிவிட்டேன். சேலையோடு செலவு முடிவதுமில்லை. என் தையல்காரி சட்டை ஒன்றுக்கு 1,800 வாங்குகிறார், உள்துணி தனி. ஆறுக்கும் தைத்திருந்தால் கூலி மட்டுமே 10,800 ரூபாய். மலிவு என்று நான் நினைத்த கணக்கில் அது இருக்கவே இல்லை.

முறையிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நாம் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். என்னிடம் பற்றுச்சீட்டு இல்லை. விற்றவரின் முகவரி இல்லை. பொதியின் மேல் ஒட்டியிருந்த தாளில் இருந்தது ஒரு கைத்தொலைபேசி இலக்கம் மட்டும், அதையும் நான் குப்பையில் போட்டுவிட்டேன். நீங்கள் போடாதீர்கள். பொதியைத் திறக்கும்போதே வீட்டில் ஒருவரைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன்பே கடை எங்கே இருக்கிறது, பற்றுச்சீட்டுத் தருவீர்களா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

சென்ற மாதம் கல்முனை பஸ்ஸில் ஏறினேன். ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு, பெரியநீலாவணை தாண்டினால் மருதமுனை. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்கு நான் போகாமல் கைத்தொலைபேசியில் அந்த ஊரின் துணியைத் தேடியிருக்கிறேன். தறி வைத்திருக்கும் ஒரு வீட்டில் பாக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன். கரையைத் திருப்பிப் பார்த்தபோது அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "நன்றாகப் பாருங்கள் மகள்" என்றார். என்னிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு சட்டைகளுக்கு அது பொருந்துகிறது. வாரத்தில் ஒரு நாள் கட்டுகிறேன்.

அந்தப் பக்கம் இப்போது வேறு பெயரில் திரும்பவும் வந்திருக்கிறது. பெயரை நம்ப வேண்டாம், படத்தைப் பாருங்கள்: பச்சை நிற இரும்புக் கேற்றில் விரித்துப் போட்ட மயில்நீலச் சேலை, கரையில் மஞ்சள் பூ, பக்கத்தில் ஒரு செவ்விளநீர் மரம். விலையும் அதேதான், மூன்று எடுத்தால் 7,500.