சுருட்டை முடிக்கு நெல்லைக் கடைச் சரக்கு: எதை வாங்கலாம், எதை விடலாம்

“முடி வளர என்னண்ணே இருக்கு?” டவுன் ரத வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் சுருட்டை முடிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். “முடி ஒடியாம இருக்க என்ன இருக்கு?” என்று கேட்டால் காசு வீணாகாது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். உலகிலேயே இறுக்கமான சுருளுள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடியை அளந்து பார்த்ததில் நாளுக்குச் சுமார் 0.26 மி.மீ. வளர்கிறது. ஐரோப்பியர் முடி சுமார் 0.4 மி.மீ. மெதுவான வளர்ச்சிதான், ஆனாலும் வருடத்துக்கு 9 சென்டிமீட்டர் வருகிறது. அப்படியிருக்க, வருடக்கணக்கில் முடி தோளைத் தாண்டவில்லை என்றால் வேரில் வளர்கிற அளவு நுனியில் ஒடிந்து போகிறது என்று பொருள்.

ஒடிவதற்குக் காரணம் சுருளிலேயே இருக்கிறது. முடி வளைந்து திரும்பும் ஒவ்வொரு இடமும் பலம் குறைந்த இடம். உச்சந்தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை நேர் முடியில் வழுக்கி நுனிவரை இறங்கிவிடும், சுருளில் பாதி வழியிலேயே நின்றுபோகும். நுனி காயும், ஒன்றோடொன்று பின்னும், சீப்பு மாட்டும், அறும். இதைச் சமாளிக்கக் கறுப்பினப் பெண்கள் ஒரு முறையையே வளர்த்தெடுத்திருக்கிறார்கள்: முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்வது, வழுவழுப்பான எதையாவது தடவி ஈரத்திலேயே சிக்கெடுப்பது, ஈரத்தின்மேல் எண்ணெயோ வெண்ணெயோ பூசி அடைப்பது, இரவில் சாட்டின் துணி கட்டுவது. அந்த முறைக்கு நம் கடைச் சரக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதுதான் இந்த மதிப்புரை.

மரச்செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு முதலிடம், யோசிக்காமல் வாங்கலாம். முடிக்குள் இறங்கும் எண்ணெய்கள் குறைவு, தேங்காய் எண்ணெய் இறங்கும். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் உள்ளே நுழைகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஆய்வில் முடியின் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதுவும் குளிப்பதற்கு முன்பு பூசினாலும் பலன் தந்தது. நனைந்தால் முடி உப்பும், காய்ந்தால் சுருங்கும். இப்படி மாறி மாறி நடக்கும்போது மேல்தோல் செதில்கள் தூக்கிக்கொண்டு உதிர்கின்றன. எண்ணெய் முன்னாடியே உள்ளே இருந்தால் தண்ணீர் அவ்வளவாக ஏறாது.

ஆகவே குளித்த பிறகு மினுமினுப்புக்காகத் தடவுவதைவிடக் குளிக்குமுன் காய்ந்த முடியில் பூசுவதே சரி. தோள்வரை உள்ள முடிக்கு 2 முதல் 3 தேக்கரண்டி போதும். நாலு பாகமாகப் பிரித்து, நடுவிலிருந்து நுனிவரை விரலால் உருவிவிட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் முந்தின இரவே. பொடுகு உள்ளவர்கள் மண்டைத் தோலில் எண்ணெயை ஊறவிடக் கூடாது. பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சைக்கு அந்தக் கொழுப்புதான் தீனி. அவர்கள் முடியின் நீளத்துக்கு மட்டும் பூசிக்கொள்ளலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது கலப்படம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி பக்கம் உறையும். நம் ஊரில் மார்கழி விடியற்காலை தவிர மற்ற நாளில் தானாக உறைவதைப் பார்க்க முடியாது, எனவே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துப் பாருங்கள். நல்ல எண்ணெய் முழுவதும் வெள்ளையாக இறுகும். மேலே தனியாக நீர்த்த அடுக்கு நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சி விற்கும் எண்ணெய் வாங்குவதானால், இலையின் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சினார்களா என்று கேளுங்கள். இலையில் ஈரம் நின்றால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். பச்சை நிறம் அழகுதான், ஆனால் ஒடியாமல் காப்பதில் வெறும் எண்ணெயைவிட அது மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

விளக்கெண்ணெயை அளவோடு வாங்கலாம். ஜமைக்காவில் ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் காய்ச்சிக் கரும்பழுப்பாக எடுக்கும் எண்ணெய்க்குக் கறுப்பினப் பெண்களிடம் பெரிய மரியாதை உண்டு. நம் கிராமங்களில் விதையை வறுத்து இடித்துக் காய்ச்சி ஊற்றியதும் அதே வழிதான். இணையத்தில் வெளிநாட்டுப் புட்டிக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இது முடியை முளைக்க வைக்கும் என்ற பேச்சுக்கு உறுதியான சான்று கிடையாது. பிசுபிசுப்பு அதிகம் என்பதால் ஈர முடியின் நுனியை மூடி வைக்க மட்டும் நல்லது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து, நுனிக்கு நாலைந்து துளி. நீள முடியில் விளக்கெண்ணெய் பூசிக் குளித்ததில் முடி பிரிக்கவே முடியாதபடி இறுகித் திரண்டு, வெட்டி எடுக்க வேண்டி வந்தது மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது.

இனி தேய்த்துக் குளிக்கும் பொடிகள். உசிலை இலைப் பொடியும் (அரப்பு என்று கேட்டாலும் தருவார்கள்) சீயக்காய்ப் பொடியும் நல்ல பொருட்கள். இரண்டிலும் அழுக்கை எடுப்பது சபோனின் என்ற, நுரைக்கும் இயற்கைப் பொருள். சோப்பு உப்புத் தண்ணீரில் திரிந்து முடியில் வெள்ளையாகப் படியும், இவை அப்படிப் படியாது. வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் போர்த் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. இரண்டில் சுருட்டை முடிக்கு உசிலையே மேல். நுரை குறைவு, வழுவழுப்பு அதிகம், எண்ணெயையும் முழுக்கத் துடைத்து எடுக்காது. சீயக்காய் கொஞ்சம் வறட்டும். பூந்திக்கொட்டை அதைவிட வறட்டும், அது வேண்டாம்.

பிரச்சினை நாம் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. கெட்டியாகக் கரைத்து உச்சியில் அப்பித் தேய்ப்பது நேர் முடிக்குச் சரி. சுருளுக்குள் அந்தப் பொடித் துகள் மாட்டிக்கொண்டால் அலசி எடுக்க ஒரு வாளி தண்ணீர் போதாது. அலச அலசக் கை படும், கை படப்படச் சிக்கு விழும். காய்ந்தபின் சீவும்போது அதே துகள் முடியை மணல்தாளாக அறுக்கும். எனவே வடித்த தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். உசிலைப் பொடி 2 மேசைக்கரண்டி, சீயக்காய் 1 மேசைக்கரண்டி, வெந்தயம் 1 தேக்கரண்டி, தண்ணீர் 600 மில்லி. மூன்றையும் முந்தின இரவே ஊறப் போட்டு, காலையில் சிறு தீயில் பத்து நிமிடம் காய்ச்சி, ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். வெந்தயத்தின் வழுவழுப்பு சிக்கெடுக்க உதவும். வெந்தயம் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி செம்பருத்தி இலையைக் கசக்கிச் சேர்க்கலாம். வடிகஞ்சியும் நன்று, ஆனால் நீர்க்க இருக்க வேண்டும். கெட்டிக் கஞ்சி காய்ந்தால் முடி விறைத்துக்கொள்ளும்.

கூர் மூக்குள்ள சாஸ் பாட்டிலில் இந்தத் தண்ணீரை ஊற்றி, வகிடு வகிடாக மண்டைத் தோலில் விட்டு விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்தால் போதும். வழிந்து இறங்கும் தண்ணீரே நீளத்தைச் சுத்தம் செய்துவிடும். முடியை உச்சியில் குவிக்காதீர்கள். கண்ணில் பட்டால் சீயக்காய் கடுமையாக எரியும், தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வது நல்லது. உசிலைப் பொடியைக் கொட்டும்போது தும்மல் பிடிக்கும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். வடித்த நீரில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லை, எனவே அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றினால் முடியின் சொரசொரப்பு அடங்கும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இது தேவைப்படாது.

வாரம் ஒரு முறை இப்படிக் குளித்தால் போதும். சிக்கெடுப்பது தண்ணீர் சொட்டும் ஈரத்தில், கண்டிஷனரோ செம்பருத்தி இலைச் சாறோ தடவிக்கொண்டு, முதலில் விரலால், பிறகு அகலப் பல் மரச் சீப்பால், நுனியில் தொடங்கி மேலே ஏறி. மரச் சீப்பு வாங்கும்போது பல்லின் இடுக்கில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசிறு இருந்தால் அது முடியைக் கிழிக்கும்.

“மூலிகை சீயக்காய்” என்று பாக்கெட்டில் வரும் கலவைகளை விட்டுவிடலாம். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த எலுமிச்சைத் தோல், வெட்டிவேர் எல்லாம் சேர்த்து அரைத்திருப்பார்கள். வாசனை அருமை. ஆனால் வெட்டிவேர் நார் லேசில் பொடியாகாது, நார் நின்றுவிட்டால் சுருளில் ஊசியாக நிற்கும். எது எவ்வளவு என்று எழுதாததால், முடி வறண்டால் எதனால் என்றும் தெரியாது. தனித்தனியாக வாங்கி வீட்டில் கலப்பதே மேல்.

ஆளி விதைக்கு முழு மதிப்பெண். சுருளைப் பிடித்து நிறுத்தும் ஜெல்லுக்குப் பெரிய விலை கொடுப்பவர்கள் இதை ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். கால் கப் விதை, 2 கப் தண்ணீர், நடுத்தீயில் கிளறிக்கொண்டே ஏழெட்டு நிமிடம். கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக இறங்கும் பதத்தில் அடுப்பை அணைத்து, சூட்டோடு சூடாக வடித்துவிட வேண்டும். ஆறினால் விதையை விட்டு வராது, பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். நம் வெயிலில் வெளியே ஒரு நாள்கூடத் தாங்காது, குளிர்பெட்டியில் ஒரு வாரம். மிச்சத்தை ஐஸ் தட்டில் உறையவைத்துத் தேவைக்கு எடுக்கலாம். தண்ணீர் சொட்டும் முடியில் தடவி, கீழிருந்து மேலாகக் கசக்கிவிட்டு, காயும்வரை தொடவே கூடாது. காய்ந்ததும் மொடமொடவென்று இருக்கும், கையில் ஒரு துளி எண்ணெய் தொட்டுக் கசக்கினால் அது உடைந்து சுருள் மட்டும் நிற்கும். ஆனி, ஆடியில் அடிக்கும் வறண்ட மேல்காற்றுக்குக் கிளிசரின் கலந்த ஜெல்லைவிட இது பொருந்தும். ஐப்பசி மழையில் எதைத் தடவினாலும் கொஞ்சம் பரட்டையாகத்தான் செய்யும்.

சாட்டின் துணி ஜவுளிக் கடையில் ஒரு மீட்டர் வாங்கித் தலையணை உறை தைத்துக்கொள்ளுங்கள். பருத்தி உறை முடியின் ஈரத்தை உறிஞ்சி, இரவு முழுக்க உரசும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டும். இரட்டைப் பின்னல், ரிப்பன் என்று பள்ளி விதி இருக்கும் இடங்களில், சுருளை அடக்கக் காய்ந்த முடியை இழுத்து இறுக்கிப் பின்னுகிறார்கள். மாதக்கணக்கில் இழுபட்டால் நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி பின்வாங்கும். தொடக்கத்தில் விட்டால் திரும்ப முளைக்கும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பாகி முளைக்காது. முதல் நாள் இரவே ஈரத்தில் ஆளி ஜெல் தடவித் தளரப் பின்னிவிட்டால் காலையில் ரிப்பன் கட்டுவது மட்டும்தான் வேலை. பின்னியபின் பிள்ளை புருவத்தைத் தூக்கும்போது வலித்தால் பின்னல் இறுக்கம்.

பார்லரில் மருந்து போட்டு நேராக்கும் ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் செய்த முடிக்கு மேலே சொன்ன பொடிகள் வேண்டாம். மருந்து ஏறிய முடி நனைந்தால் ரப்பராக இழுபடும், வடித்த நீரின் லேசான தேய்ப்பே அதற்கு அதிகம். சல்பேட் இல்லாத ஷாம்பு, கண்டிஷனர், குளிக்குமுன் தேங்காய் எண்ணெய், இவை போதும். புதிதாக வளரும் சுருளும் நேராக்கிய பழைய முடியும் சேரும் இடம்தான் மிகவும் பலவீனம். அங்கே விரல் மட்டும், சீப்பு கூடாது.

இந்தச் சேவையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கறுப்பினப் பெண்கள் முடியை நேராக்கப் பயன்படுத்தும் ரிலாக்ஸர் கிரீமில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் கலந்தது. நம் பார்லர்களின் ரீபாண்டிங் கிரீமில் பொதுவாக அம்மோனியம் தயோகிளைகோலேட். ஒன்று ஏறிய முடியில் மற்றதைப் போடவே கூடாது, முடி அறுந்து கையோடு வரும். இணையத்தில் ரிலாக்ஸர் பெட்டி வாங்கி, ஏற்கெனவே ஸ்மூத்தனிங் செய்த தலையில் வீட்டிலேயே போடுவது இதனால்தான் ஆபத்து. கெரட்டின் என்ற பெயரில் முடியை நேராக்குவதில் பார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வரலாம், அல்லது கிளையாக்சிலிக் அமிலம் இருக்கலாம். பின்னது சேர்ந்த கிரீமுக்குப் பின் சிறுநீரகம் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022 அக்டோபரில் வெளியான ஆய்வில், வருடத்துக்கு 4 தடவைக்கு மேல் முடி நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. இந்தப் பொருட்கள்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை, ஆனாலும் அடிக்கடி செய்துகொள்ள நினைப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய எண் இது.

செய்தே ஆக வேண்டும் என்றால் நாற்காலியில் உட்காருமுன் டப்பாவின் லேபிளை வாங்கிப் படியுங்கள். காதுக்குப் பின்னால் ஒரு சிறு கற்றையில் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு மருதாணிப் பொடி பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும், கடைசியில் ஊற்றும் பெராக்சைடோடு அது சேர்ந்தால் முடி சூடேறிப் பொசுங்கும். இரண்டாம் முறை போகும்போது புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் மருந்து, பழைய நீளத்தில் படக் கூடாது. லேபிளைக் காட்ட மாட்டோம் என்கிற பார்லரில் முன்பணம் கட்டாதீர்கள்.