கிளிநொச்சி முரசுமோட்டையில் இருந்து பார்க்கும் சுவிஸ் மலைப் பனி: வைட் ரிஸ்க் செயலி பற்றி

சுவிஸ் மலைகளில் பனிச்சரிவு ஆபத்து எவ்வளவு என்று சொல்லும் இந்தச் செயலியை நான் பாவிக்கத் தொடங்கி இது இரண்டாவது மாரி. மலை ஏறுவது நானில்லை, தம்பியின் மகன். பேர்ன் பக்கம் பிறந்து வளர்ந்த பொடியன், பனிக்காலத்தில் சனி ஞாயிறு வந்தால் ஸ்கீ என்ற சறுக்குப் பலகைக்கு அடியில் தோல் மாதிரி ஒன்றை ஒட்டிக்கொண்டு, லிஃப்ட் இல்லாத மலைகளில் நடந்தே ஏறி, பிறகு சறுக்கி இறங்குவான். "பயப்பிடாதேங்கோ மாமி, பார்த்துத்தான் போறன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். எதைப் பார்த்துப் போகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். வட்ஸ்அப்பில் இதை அனுப்பிவிட்டான்.

சுவிஸின் டாவோஸ் நகரில் இருக்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் நடத்துவது. காசு கட்டத் தேவையில்லை. பனிக்காலத்தில் அங்கத்தைய நேரம் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிவித்தல் வரும், அதாவது எங்களுக்கு இரவு 9.30, பகல் 12.30. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் என்று நாலு மொழியில் இருக்கிறது. நான் ஆங்கிலத்தில் வாசிக்கிறேன், சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஒரு கிழமையில் பழகிவிட்டது. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்து இருந்தால் சரியாக அந்த நேரம்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் விடுவார்கள். ஆபத்தை ஐந்து படியாகப் பிரித்திருக்கிறார்கள்: 1 பச்சை, 2 மஞ்சள், 3 செம்மஞ்சள், 4 சிவப்பு, 5 கடும் சிவப்பு. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம்தானே, பரவாயில்லை என்று நினைத்தேன். அப்படி இல்லை. படி ஏற ஏற ஆபத்து ஒரே அளவாகக் கூடுவதில்லை, பாய்ந்து கூடும். பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இறப்பது இந்த மூன்றாம் படி நாட்களில்தான். நாலிலும் ஐந்திலும் ஆட்கள் வீட்டில் நிற்பார்கள். மூன்றில் வெயில் எறிக்கும், புதுப் பனி வெள்ளையாய்க் கிடந்து கூப்பிடும். 2022 மாரியில் இருந்து படிக்குப் பக்கத்தில் கூட்டல், சமன், கழித்தல் அடையாளமும் போடுகிறார்கள், அதனால் மூன்றின் அடிமட்டத்தில் நிற்கிறோமா உச்சத்தில் நிற்கிறோமா என்று தெரியும்.

ஆனால் இந்தச் செயலியின் பெறுமதி இலக்கத்தில் இல்லை, அதற்குக் கீழே எழுதியிருப்பதில் இருக்கிறது. எந்தத் திசை பார்த்த சரிவு, எத்தனை மீற்றருக்கு மேலே, என்ன காரணம். புதுப் பனியா, காற்று அள்ளிக்கொண்டு வந்து குவித்த பனியா, உள்ளே பழைய பலவீனமான பனிப் படை (அடுக்கு) இருக்கிறதா, ஈரப் பனியா, நிலத்தோடு வழுக்கும் பனியா என்று பிரித்துச் சொல்கிறார்கள். பழைய படை என்பது எனக்கு விளங்கவே இல்லை. குளிர்ந்த, முகில் இல்லாத நாட்களில் பனி சீனி மாதிரி ஒட்டாத மணியாகிவிடும், அதன்மேல் இறுகிய பனி பலகை போலப் படியும் என்று மருமகன் சொன்னான். சுளகில் பச்சையரிசியைப் பரப்பி, மேலே மகளின் கொப்பி ஒன்றை வைத்து மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். கொப்பி அசையவில்லை. நடுவில் ஒரு விரலால் தட்டினேன். முழுக் கொப்பியும் அரிசியை இழுத்துக்கொண்டு மடியில் வந்து விழுந்தது. மலையில் அந்த விரல் பெரும்பாலும் அந்த மனுசன்தான், தான் மிதித்துத் தானே அகப்படுவது. அன்று இரவு நித்திரை வரவில்லை.

வன்னியில் எங்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. மீள்குடியேறி வந்தபோது மிதிவெடி என்று மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைக்கு அங்கால் கிடந்ததும் பச்சைப் புல் முளைத்த வெறும் காணிதான். இடம் வடிவாய் இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சோதித்தவன் எழுதி வைத்ததை வாசித்துத்தான் கால் வைக்கவேண்டும்.

குறை என்று சொல்வதை விட எல்லை என்று சொல்வேன். அறிவித்தல் ஒரு பிரதேசத்துக்கானது, நீங்கள் நிற்கும் அந்த ஒரு சரிவுக்கு அல்ல. செயலியில் சரிவு வரைபடம் இருக்கிறது, 30 பாகைக்கு மேற்பட்ட இடங்களை நிறம் தீட்டிக் காட்டும், பனிப்பலகை உடைவது அநேகமாக அப்படியான இடங்களில்தான். மிச்சத்தை ஆள் தன் காதாலும் கண்ணாலும் பார்க்கவேண்டும். போன பெப்ரவரியில் மருமகனும் கூட்டாளிமாரும் ஏறும்போது காலுக்குக் கீழே பனி "வும்" என்ற சத்தத்தோடு அமர்ந்ததாம், ஒரு வெடிப்பு முன்னால் ஓடியதாம். உள்ளே பலவீனமான படை உடைகிற அடையாளம் அது. உடனே திரும்பிவிட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் புதைந்தவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கோல், தோண்ட மண்வெட்டி மூன்றும் இருந்தன. புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் கூட நிற்பவர்கள் தோண்டி எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு, ஹெலிகொப்டர் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

எனக்கு இதை வாசிக்கும்போது வருகிற ஏக்கம் வேறு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் வந்தபிறகுதான் நாங்கள் எழும்பினோம். இரணைமடுக் குளத்துக்கும் கனகராயன் ஆற்றுக்கும் இப்படி ஒவ்வொரு மாரியும் குறித்த நேரத்தில், எந்த ஊர், எவ்வளவு உயரம், என்ன காரணம் என்று தமிழில் ஒரு அறிவித்தல் வந்தால் நான் அதற்கும் 9.30க்கு எலாம் வைப்பேன்.

சுவிஸில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இதைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். கவனமாய்ப் போ என்பதற்குப் பதிலாகக் கேட்கக் கேள்வி இருக்கும். நேற்று இரவு அறிவித்தலில் மூன்றாம் படி, கூட்டல் அடையாளத்தோடு, 2200 மீற்றருக்கு மேலே வடக்கும் கிழக்கும், பழைய படை. "எந்தப் பக்கத்தால் ஏறுறாய்?" என்று கேட்டேன். "தெற்கால, காட்டுக்குள்ளால மாமி, 1800க்கு மேல போகேல்ல" என்றான்.