இன்சுலின் சிரிஞ்சு வாங்கும்போது மூடி கலர பாத்து வாங்குங்க, எங்க அப்பாவுக்கு நடந்தது

வீட்ல யாருக்காவது பாட்டில்ல இருந்து எடுத்து இன்சுலின் போடுறீங்கன்னா தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. ஒரு மெடிக்கல் ஷாப்காரன் பண்ணுன வேலையால எங்க அப்பா பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல.

அப்பாவுக்கு பல வருஷமா சுகர். 30/70 இன்சுலின், காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி 20 யூனிட், ராத்திரி 12. கண்ணு சரியா தெரியாததால அம்மாதான் போட்டு விடுவாங்க. வழக்கமா வாங்குற கடை பூட்டியிருந்ததால பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேற கடைல சிரிஞ்சு வாங்குனாங்க. எப்பவும் வர்றது செவப்பு மூடி, இவன் குடுத்தது ஆரஞ்சு. அம்மா அப்பவே "தம்பி இது வேற மாதிரி இருக்கே"ன்னு கேட்டிருக்காங்க, அதுக்கு அவன் "எல்லாம் ஒண்ணுதாம்மா, இது புது மாடல், ஊசி சின்னது, ஐயாவுக்கு வலிக்காது"ன்னு சொல்லி ஒரு பாக்கெட்டையே தலைல கட்டிட்டான். பில்லும் கிடையாது.

அதுக்கப்புறம் அப்பாவுக்கு நாக்கு வறண்டு போகுது, ராத்திரி பூரா பாத்ரூம் போறாரு, ஆளே இளைச்சுட்டாரு. மெஷின்ல வச்சா 412ன்னு காட்டுது. பாக்க வந்த சொந்தக்காரங்கல்லாம் "திருட்டுத்தனமா ஏதாவது இனிப்பு சாப்பிடுறாரு போல"ன்னு அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க, மனுஷன் அவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் இந்தப் பேச்சு கேட்டு கண்ணு கலங்கிட்டாரு. எனக்கு சுகர் ஏறுனத விட அதுதான் இன்னும் ஆறல. டாக்டரும் டோஸ் பத்தலன்னு நெனச்சு காலைல 20ஐ 28 ஆக்கினாரு, அப்பவும் எறங்கல.

கண்டுபிடிச்சது மக்களைத் தேடி மருத்துவத்துல எங்க தெருவுக்கு வர்ற அக்கா. அம்மா மருந்து ஏத்துறத பக்கத்துல நின்னு பாத்துட்டு, பாட்டில வாங்கி ஒரு தடவ, சிரிஞ்ச வாங்கி ஒரு தடவ படிச்சாங்க. பாட்டில்ல 40 ஐயூ, சிரிஞ்சுல 100. விஷயம் இதுதாங்க: நம்ம ஊர்ல பாட்டில்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லில 40 யூனிட், அதுக்கு செவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 1 மில்லில 100 யூனிட் இருக்குற மருந்துக்கு. ஆரஞ்சு சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் ஏத்துனா உள்ள வர்றது 0.2 மில்லி, 40 பாட்டில்ல அது வெறும் 8 யூனிட்டுதான். 28ன்னு ஏத்துனப்பவும் அவருக்குப் போனது 11 சொச்சம்.

அந்த அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க, அத சொல்லலன்னா என்ன ஆயிருக்குமோ. செவப்பு சிரிஞ்சுக்கு மாறும்போது அந்த 28ஐ அப்படியே போட்டுடாதீங்க, மொதல்ல டாக்டருக்கு போன் பண்ணுங்கன்னாங்க. அவரு விஷயத்த கேட்டுட்டு உடனே 20க்கே கொண்டு வந்தாரு. ஏத்துன டோஸ சரியான சிரிஞ்சுல போட்டிருந்தா லோ சுகர் ஆகி மயங்கி விழுந்திருக்கலாம்.

கடைக்குப் போய் கேட்டா "சரக்குல குறை இல்ல, டேட் இருக்கு பாருங்க, நீங்கதான் பாத்து வாங்கணும்"ங்குறான். பார்மசிஸ்ட் எங்கன்னு கேட்டா வெளிய போயிருக்காராம். 1948 பார்மசி சட்டப்படி பதிவு பண்ண பார்மசிஸ்ட்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் குடுக்கணும், அங்க நிக்குறது யாரோ ஒரு பையன். மருந்து ஆய்வாளர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன், பில் இல்லாததால இழுக்குது. அதனால சிரிஞ்சுதானேன்னு விடாம பில் கேட்டு வாங்குங்க.

பேனா இன்சுலின் வச்சிருக்கவங்களும் கவனிங்க. பேனாவுக்குள்ள போடுற மருந்துக் குழாய் (கார்ட்ரிஜ்) 1 மில்லில 100 யூனிட். பேனா ரிப்பேர் ஆச்சுன்னு அதுல இருந்து செவப்பு சிரிஞ்சுல 20 கோடு எடுத்தீங்கன்னா உள்ள போறது 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. பாட்டில் நம்பரும் சிரிஞ்சு நம்பரும் ஒண்ணா இருக்கான்னு கடைலயே வச்சுப் பாருங்க, கடைக்காரன் என்ன சொன்னாலும் சரி.

அப்பாவுக்கு இப்ப ஃபாஸ்டிங் 130க்கு வந்திருக்கு. அந்தக் கடை இன்னும் தொறந்துதான் இருக்கு.