டிரை ரீஸ்லிங்: மோசலா, செனகா ஏரியா, கிளேரா?

ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை ஊருக்கு ஊர் ஒப்பிடுபவர்கள் அடிக்கடி ஓர் அநியாயம் செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலியிலிருந்தோ நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் ஏரிப் பகுதியிலிருந்தோ வந்த டிரை ஒயினை, அதாவது இனிப்பில்லாததை, ஒரு பக்கம் வைக்கிறார்கள். மறுபக்கம் வைப்பது ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையிலிருந்து வரும், தாமதமாக அறுத்த பழத்தின் இனிப்பான ஸ்பேட்லேஸே. பிறகு, ஜெர்மன் ஒயினின் நளினம் மற்றதில் இல்லை என்று தீர்ப்பு வந்துவிடும். சர்க்கரை எப்பேர்ப்பட்ட முரட்டுப் புளிப்பையும் மெருகேற்றிக் காட்டும். டிரைக்கு எதிரே டிரையைத்தான் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் ஜெர்மனிக்குப் போட்டி கடுமை.

முதலில் ஜெர்மனியின் 'ட்ரோக்கன்', அதாவது டிரை. லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை மிஞ்சியிருந்தால் அது ட்ரோக்கன். அமிலம் கூடுதலாக இருந்தால் 9 கிராம் வரை போகலாம், ஆனால் சர்க்கரை அமிலத்தைவிட 2 கிராமுக்கு மேல் கூடக் கூடாது. 7 கிராம் அமிலம் உள்ள ஒயினில் 9 கிராம் சர்க்கரை இருந்தாலும் சட்டப்படி டிரைதான். நாக்குக்கும் அது டிரையாகவே தெரியும். இந்தச் சலுகைக்குக் காரணம் உண்டு. மோசல் கிட்டத்தட்ட 50 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. செங்குத்தான ஸ்லேட் சரிவுகளில் பழம் மெதுவாகப் பழுத்து அக்டோபரில்தான் அறுவடைக்கு வரும். பழுத்த பிறகும் புளிப்பு இறங்காது. துளி இனிப்புகூட இல்லாமல் வடித்தால், குளிர்ந்த வருடங்களில் பல் கூசும். வெயில் கூடிவரும் இந்தக் காலத்தில் நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் ஜெர்மன் டிரை வேண்டுமென்றால் நான் மோசலைவிட நாஹே, ரைன்காவ், ஃபால்ஸ் ஆகிய பிற ஜெர்மன் ஒயின் வட்டாரங்கள் பக்கம்தான் முதலில் போவேன். அங்கே ஒயினுக்குச் சதைப்பற்று இருக்கிறது. வி.டி.பி. என்ற ஜெர்மன் ஒயின் தயாரிப்பாளர் சங்கத்தார் தங்கள் முதல் தரத் தோட்டங்களின் டிரை ஒயினை 'கிரோசெஸ் கெவெக்ஸ்' என்ற பெயரில் விற்கிறார்கள். உலகின் எந்த டிரை ரீஸ்லிங்கோடும் மோதக்கூடியது அது. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

ஃபிங்கர் லேக்ஸ் ஜெர்மனிக்கு நெருங்கிய உறவு. ஐரோப்பியக் கொடிகள் இந்தக் குளிரில் பிழைக்காது என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், உக்ரைனிலிருந்து வந்த கான்ஸ்டான்டின் ஃபிராங்க் அங்குள்ள கியூகா ஏரிக்கரையில் அவற்றை வளர்த்துக் காட்டி, 1962-ல் சொந்த ஒயினரி தொடங்கினார். மோசலின் பெர்ன்காஸ்டலில் பிறந்த ஹெர்மன் வீமர், 1979-ல் அதே பகுதியின் செனகா ஏரிக்கரையில் தன் ஒயினரியைத் தொடங்கினார். செனகா சுமார் 188 மீட்டர் ஆழம். முழுக்க உறைவது அபூர்வம், அதனால் கரையோரக் கொடிகளுக்குக் கதகதப்பு கிடைக்கிறது. அப்படியும் குளிர்காலத்துக்கு முன்பே ஒட்டுப்போட்ட இடத்துக்கு மண் அணைக்கிறார்கள். ஒயினில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், விறைப்பான புளிப்பு. கண்ணைக் கட்டிக் கொடுத்தால் நாஹே என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. குறை ஒன்று: வருடத்துக்கு வருடம் ஏற்ற இறக்கம் அதிகம். 2016-ல் வறட்சி, 2018-ல் அறுவடை வரை மழை. தயாரிப்பாளர் பெயரோடு வருடத்தையும் பார்த்து வாங்குங்கள்.

கிளேர் வேலி வேறு ஜாதி. அடிலெய்டுக்கு வடக்கே, பகலில் நல்ல வெயில். ஆனால் தோட்டங்கள் 400, 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிர் இறங்கும். அந்தக் குளிர்தான் புளிப்பைக் காப்பாற்றுகிறது. இங்கே டிரை என்றால் உண்மையிலேயே டிரை: சர்க்கரை பெரும்பாலும் விரல் விட்டு எண்ணும் சில கிராம்கள்தான், ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டி. ஜெஃப்ரி கிராசெட் வடிக்கும் இரண்டு ஒயின்களை அருகருகே வைத்துக் குடித்தால் இந்த மண் என்ன செய்கிறது என்பது புரியும். கிளேரின் வாட்டர்வேலில் சுண்ணாம்புக் கல் மேல் செம்மண். அங்கிருந்து வரும் 'ஸ்பிரிங்வேல்' முதல் வாயிலேயே எலுமிச்சைச் சாறாக விரிந்து எச்சில் ஊற வைக்கும். 'போலிஷ் ஹில்' களிமண், ஸ்லேட் மேல் கிடக்கும் மெல்லிய மண்ணில் விளைவது. குலையும் சிறுக்கும், பழமும் சிறுக்கும். இளம் வயதில் அது வாயைத் திறக்காது. புளிப்பும் கல்லின் வாசமும் மட்டும் நேர்க்கோடாக நிற்கும். ஐந்தாறு வருடம் விட்டால் தேனும் வாட்டிய ரொட்டியும் வரும்.

இந்தச் சுத்தமான பாணி ஜெர்மனிக்கும் கடன்பட்டிருக்கிறது. 1953-ல் ஒயின் தயாரிப்பாளர் கோலின் கிராம்ப், கிளேர் போலவே தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள பரோசாவுக்கு ஜெர்மன் அழுத்தத் தொட்டிகளை இறக்குமதி செய்தார். பழத்தின் வாசனை ஓடிவிடாமல் குளிரிலேயே நொதிக்க வைக்க அவை வழி செய்தன. அடுத்த பெரிய அடியைக் கிளேர்காரர்களே எடுத்தார்கள்: 2000-ம் வருட ரீஸ்லிங்கை ஒன்றுசேர்ந்து திருகு மூடியில் அடைத்தார்கள். கார்க்கால் கெட்டுப்போகும் பாட்டில்களுக்கு அதோடு முடிவு.

வித்தியாசம் மூக்கில் முதலில் தெரியும் இடம், ரீஸ்லிங்கின் பெயர் பெற்ற பெட்ரோல் வாடை. டி.டி.என். என்ற சேர்மம் அதற்குக் காரணம். வெயில் பட்ட பழத்தில் அதற்கான மூலப்பொருள் கூடும். மோசலில் பல வருடம் கழித்து மெல்ல எட்டிப் பார்ப்பது, ஆஸ்திரேலிய ஒயினில் சீக்கிரமே வந்துவிடலாம். கார்க் அதில் ஒரு பங்கை உறிஞ்சிவிடும். திருகு மூடி உறிஞ்சாது. எனக்கு அந்த வாடை பின்னணியில் இருக்கும்வரை பிடிக்கும், முன்னால் வந்து நின்றால் பிடிக்காது. அதனாலேயே கிளேரில் இலை நிழலைக் கவனமாகப் பராமரிக்கும் தோட்டங்களைத் தேடுகிறேன்.

வறுத்த மீன், இறாலுக்கு நான் எடுப்பது வாட்டர்வேல். வெண்ணெயும் கிரீமும் சேர்ந்த கோழிக்கு நாஹே ட்ரோக்கன். தினசரிக் குடிக்கு, நியாயமான விலையில் கிடைத்தால், செனகா. காரமான மீன் குழம்பு என்றால் டிரையே வேண்டாம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும். அந்த இடத்தில் மோசல் கபினெட்டுக்கு மாற்று நான் கண்டதில்லை: 8, 9 சதவீத ஆல்கஹால், லேசான இனிப்பு, அதைத் தாங்கிப் பிடிக்கும் புளிப்பு. பாட்டிலில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 9-க்குக் கீழே இருந்தால் இனிப்பு மிஞ்சியிருக்கிறது, 12-ஐத் தாண்டினால் பெரும்பாலும் டிரை.