வேலை போனால் ஈ.டி.எஃப் எவ்வளவு நாள் தாங்கும்?

இலங்கையில் தனியார் துறையில் வேலை இழந்தவருக்கு மாதாமாதம் காசு தரும் அரச திட்டம் கிடையாது. வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் "பெனிபிட்ல சமாளிக்கிறன்" என்று சொன்னால், கொழும்பில் அது பெரும்பாலும் ஈ.டி.எஃப், வேலை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, வறிய குடும்பத்துக்கு வரும் அஸ்வெசும என்னும் அரச உதவி ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். வேலை விட்ட எவரும், எத்தனை வருடம் வேலை செய்திருந்தாலும், உடனே கேட்கக்கூடியது ஈ.டி.எஃப் என்னும் ஊழியர் நம்பிக்கை நிதியம் ஒன்றுதான். அதனால் இந்த மதிப்பீடு முக்கியமாக அந்தச் சேவையைப் பற்றியது.

முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். ஈ.டி.எஃப் காசு சம்பளத்தில் வெட்டப்படுவதில்லை. முதலாளி தன் கையிலிருந்து சம்பளத்தின் 3 வீதத்தை ஒவ்வொரு மாதமும் கட்டுகிறார். 60,000 ரூபா சம்பளத்துக்கு மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. ஐந்து வருடம் ஒரே சம்பளத்தில் இருந்தவருக்கு 1,08,000 ரூபாவும் அதன்மேல் வட்டியும் சேர்ந்திருக்கும். வட்டியை விட்டுப் பார்த்தால், ஐந்து வருட உழைப்புக்கு வருவது இரண்டு மாதச் சம்பளம்கூட இல்லை. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. ஒரு வருடம் மட்டும் வேலை செய்தவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய பதினொரு நாள் சம்பளம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை கட்டும் ஒருவர் இதை நம்பி ஆறு மாதம் இருக்க முடியாது.

இந்தச் சேவையின் நல்ல பக்கமும் பெரியது. "வேலை தேடுகிறாயா, எங்கெல்லாம் விண்ணப்பித்தாய்" என்று யாரும் கேட்க மாட்டார்கள். லண்டனில் இருக்கும் உறவினர்கள் சொல்லும் பெனிபிட் வேறு மாதிரியானது. அங்கே யுனிவர்சல் கிரெடிட் எடுப்பவர், தன் நிலைமையைப் பொறுத்து, வாரத்துக்கு 35 மணித்தியாலம் வரை வேலை தேட வேண்டியிருக்கும். சரியான காரணம் இல்லாமல் தவறினால் காசு வெட்டப்படும். அது வரிக்காசு, இது உறுப்பினரின் பெயரில் சேர்ந்த சொந்தக் காசு. ஆகவே ஈ.டி.எஃப் எடுத்துக்கொண்டு வேலை தேடாமல் இருக்கும் நண்பரை "அரசாங்கக் காசில் சாப்பிடுகிறான்" என்று பேசுவது தவறு, அநியாயமும்கூட. அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது வேறு: ஒருமுறை எடுத்தால் 60 வயதுக்கு முன் மறுபடி எடுக்க ஐந்து வருட இடைவெளி வேண்டும். அடுத்த வேலையும் போனால் இந்தக் கதவு பூட்டியிருக்கும். பங்களிப்பு நின்றால் அதோடு வரும் மரணக் காப்புறுதி, இதய சத்திரசிகிச்சை உதவி போன்றவையும் கைவிட்டுப் போகும், ஏனென்றால் அவை தற்போது பங்களிப்புக் கட்டப்படும் உறுப்பினர்களுக்கானவை. வேறு வழி இருப்பவர் இந்தக் காசைத் தொடாமல் விடுவதே என் கணிப்பில் நல்லது. கிடந்தால் வட்டி ஏறும்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால் தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டவில் இருக்கிறது. களனிவெளி ரயில் பாதையில் அந்தப் பெயரிலேயே ஸ்டேஷன் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் ஒரு பகுதியைப் பழைய கம்பெனி நிரப்பி, வேலை விட்ட திகதியை எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துத் தர வேண்டும். கூடவே தேசிய அடையாள அட்டையின் கொப்பி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கக் கொப்பி, கம்பெனி இலக்கமும் உறுப்பினர் இலக்கமும். வழக்கமாக ஈ.பி.எஃப் என்னும் ஊழியர் சேமலாப நிதிய இலக்கமே ஈ.டி.எஃப்புக்கும். சம்பளச் சிட்டையில் அது இருக்கும். மூலப் பிரதிகளையும் கொண்டு போவது நல்லது. காசு வங்கிக் கணக்குக்கே வரும்.

எங்கே சிக்குகிறது என்றால், பெரும்பாலும் பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும்தான். வேலையில் சேரும்போது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டை, பிறகு பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை என்றால், இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட வேண்டிவரும். பழைய அட்டையின் கொப்பியை எறியாதீர்கள். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு தொல்லை: தகப்பன் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பது கம்பெனிக் கோவையில் ஒரு மாதிரியும் வங்கியில் இன்னொரு மாதிரியும் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடிக் குறைந்திருக்கும். விண்ணப்பத்துக்கு முன்பே வங்கிக் கணக்கின் பெயரை அடையாள அட்டையோடு ஒத்துப்பாருங்கள்.

அடுத்தது கம்பெனியின் கணக்கு விவரம். 15 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி காசை மாதாமாதம் கட்டினாலும், எந்த ஊழியருக்கு எவ்வளவு என்ற பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அனுப்புகிறது. அந்தப் பட்டியல் போகாவிட்டால் காசு நிதியத்துக்குப் போயிருக்கும், உங்கள் பெயரில் ஏறியிருக்காது. வேலை விட்ட மறுவாரமே ஓடிப்போய் விண்ணப்பித்தால் கடைசி மாதங்கள் விடுபடுவதும் இதனால்தான். கடைசிச் சம்பளச் சிட்டைகளை வைத்துக்கொண்டு, பட்டியல் அனுப்பியாயிற்றா என்று கணக்காளரிடம் கேட்டபின் விண்ணப்பியுங்கள். கம்பெனி கையெழுத்துப் போட மறுத்தால், அல்லது மூடிவிட்டால், நிதியச் சபையிடமே முறையிடலாம்.

ஈ.பி.எஃப்பை இதோடு குழப்பக் கூடாது. வேலை போனது என்ற காரணத்துக்காக ஈ.பி.எஃப் கிடைக்காது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது. அதற்கு முன் என்றால் திருமணத்துக்காக வேலை விடும் பெண், நிரந்தரமாக வெளிநாடு போகிறவர், நிரந்தர இயலாமை என்று சில வாசல்கள் மட்டுமே. வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் 30 வீதம் எடுக்கும் திட்டம் உண்டு, அது வேறு நிபந்தனைகளோடு. ஈ.பி.எஃப் வரும் என்று நம்பி வேலையை விடுகிறவர்களை யாராவது முதலிலேயே தடுக்க வேண்டும்.

நண்பர் வீட்டில் இருப்பதில் உண்மையான ஆபத்து இன்னோர் இடத்தில் இருக்கிறது. ஐந்து வருடம் முடித்தவருக்கு, 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனியானால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. மாதச் சம்பளக்காரருக்கு ஐந்து வருடத்துக்கு இரண்டரை மாதம். விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் 10 வீதத்திலிருந்து 30 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டிவரும். இதைக் கேட்டுக் கடிதம் எழுதாமல் எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். அநியாயமாக நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம். ஈ.டி.எஃப் காசில் "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று இருக்கும்போது கரைவது அந்த ஆறு மாதம். நிறுத்தற் கடிதத்தின் திகதியை எடுத்து, ஆறு மாதம் முடியும் நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

அஸ்வெசும தனிஆளுக்கானது அல்ல, குடும்பத்துக்கானது. 2023 ஜூலையில் தொடங்கியது. வருமானம் மட்டுமல்ல, கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு எல்லாவற்றையும் பார்த்தே தெரிவு. மிக வறிய குடும்பத்துக்கு 2025இல் மாதம் 17,500 ரூபா. ஒப்பிட்டுப் பார்த்தால், அதே வருடம் ஏப்ரலில் ஒருவரின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 27,000 ஆனது. வேலை போனதற்காக அஸ்வெசுமவில் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நாரஹேன்பிட்டவுக்குப் போகும் அன்றே எல்விட்டிகல மாவத்தையிலுள்ள நிபுணதா பியசவுக்கும் ஒருமுறை போய்வரலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபை அங்கே இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வருடக்கணக்கில் மின்வேலை, வாகனத் திருத்தம், சமையல் என்று செய்தவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ என்னும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறை உண்டு. அதைக் கேட்கும்போது பழைய முதலாளியின் சேவைக் கடிதம் தேவைப்படும். ஈ.டி.எஃப் படிவத்தில் சீல் வாங்கப் போகும் அன்றே அந்தக் கடிதத்தையும் சேர்த்து வாங்கி வாருங்கள்.