முனைவர் பட்டத்துக்குப் பிறகு: போஸ்ட்டாக்கா, நேராக ஆசிரியர் வேலையா?

கணினி அறிவியலில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு என்னிடம் வரும் மாணவர்கள் கேட்பது இதைத்தான். போஸ்ட்டாக் என்பது பட்டம் முடித்தபின் ஒரு மூத்த ஆய்வாளரிடம் குறுகிய காலத்துக்குச் செய்யும் ஆய்வுப் பணி.

நேரம்
போஸ்ட்டாக்: நாள் முழுக்க ஆய்வு. பாடம் எடுக்கும் கட்டாயம் பெரும்பாலும் இல்லை.
ஆசிரியர் வேலை: புதுப் பாடம் ஒன்றைத் தயாரிக்கவே முதல் பருவம் போய்விடும். விடைத்தாள், ஆய்வகம், கூட்டங்கள் என்று மாநாடுகளுக்கு ஆய்வுக் கட்டுரை அனுப்பும் கெடு தேதிகள் நழுவும். இந்தத் துறையில் ஆய்விதழ்க் கட்டுரையைவிட மாநாட்டுக் கட்டுரைக்கே பல இடங்களில் மதிப்பு. அது சின்ன இழப்பல்ல.

நிலைப்பு
போஸ்ட்டாக்: ஓரிரு ஆண்டு ஒப்பந்தம்.
ஆசிரியர் வேலை: மாதச் சம்பளம் உண்டு. ஆனால் ஐஐடிகளில், பட்டத்துக்குப் பின் 3 ஆண்டு அனுபவம் இல்லாதவர்களைப் பொதுவாக இரண்டாம் நிலை உதவிப் பேராசிரியராக, ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். போஸ்ட்டாக் காலமும் அந்த அனுபவத்தில் சேரும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

வழிகாட்டல்
போஸ்ட்டாக்: பரிந்துரைக் கடிதம் எழுத, முனைவர் பட்ட நெறியாளரைத் தவிர இன்னொருவர் கிடைப்பார்.
ஆசிரியர் வேலை: உங்கள் முதல் ஆய்வு நிதி விண்ணப்பத்தைத் திருத்தித் தர மூத்தவர் யாராவது இருக்கிறாரா? சேரும் முன்பே விசாரியுங்கள்.

நெறியாளரின் கேள்விகளையே இன்னும் தொடர்கிறீர்கள் என்றால் போஸ்ட்டாக் போங்கள். சொந்த ஆய்வுத் திட்டமும் கற்பிப்பதில் ஆசையும் இருந்தால் வேலையை ஏற்கலாம். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறதா? அப்போதும் வேலைதான், வாரத்தில் ஒரு நாளை மட்டும் ஆய்வுக்கென்று விடாமல் பிடித்துவையுங்கள்.