ஷிப் ஆஃப் ஹார்கினியன்: மூன்று வருடம் விளையாடிய பிறகு

2001 கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்து வந்த பெரியப்பா மகன், துணிமணிகளோடு தன் நின்டெண்டோ 64 கேம் கன்சோலையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அங்கேயும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவி, இங்கேயும் அதே முறை டிவி. ஏவி வயரைச் செருகியதும் எங்கள் வீட்டு டிவியில் படம் வந்துவிட்டது. அந்த ஐந்து வாரமும் அண்ணனும் நானும் மாறி மாறி ஆடியது ஒரே ஒரு கேம்: தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம். வாட்டர் டெம்பிள் என்ற கட்டம் வரை போனோம். அங்கே ஒரு சாவி குறைந்தது. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே விடுமுறை முடிந்து, கன்சோல் லண்டனுக்குத் திரும்பிப் போய்விட்டது.

இருபது வருடம் கழித்து, வீட்டை ஒழிக்கும்போது கிடைத்த அந்த கேமின் கேட்ரிட்ஜை (கன்சோலில் செருகும் கேம் பெட்டி) அண்ணன் எனக்கே கொடுத்துவிட்டார். அதை வைத்துத்தான் 2023-லிருந்து ஷிப் ஆஃப் ஹார்கினியனில் ஆடிக்கொண்டிருக்கிறேன். நாலு தடவை கதையை முடித்தாயிற்று. முதல் வாரத்து வியப்பில் எழுதுவதை விட, வியப்பு அடங்கிய பிறகு எழுதலாம் என்று இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: இது எமுலேட்டர் இல்லை. எமுலேட்டர் என்பது பழைய கன்சோலைப் போல நடிக்கும் ஒரு மென்பொருள். அதற்குள் பழைய கேம் அப்படியே ஓடும். இங்கே நடந்தது வேறு. ரசிகர்கள் சிலர் சேர்ந்து, கேமில் இருந்த இயந்திர மொழியை வரி வரியாகப் படித்து, அதற்குச் சமமான சி மொழி நிரலைத் திரும்ப எழுதினார்கள். அந்தக் காலத்து கம்பைலரில் (நிரலை இயந்திர மொழியாக்கும் மென்பொருள்) கொடுத்தால் ஒரு பைட் கூடப் பிசகாமல் மூல கேம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். அந்த வேலை 2021 நவம்பரில் முடிந்தது. அந்த நிரலை எடுத்து, ஹார்பர் மாஸ்டர்ஸ் என்ற இன்னொரு ரசிகர் குழு இன்றைய கம்ப்யூட்டரில் நேரடியாக ஓடும்படி மாற்றி 2022 மார்ச்சில் வெளியிட்டது. ஹார்கினியன் என்பது 1993-ல் பிலிப்ஸ் சிடி-ஐ கன்சோலுக்கு வந்த செல்டா கேம்களில் வரும் ராஜாவின் பெயர்.

டவுன்லோடில் கேமின் படமோ இசையோ எதுவும் இருக்காது. உங்களிடம் உள்ள கேட்ரிட்ஜின் நகலை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நான் யுஎஸ்பி வழியாகக் கேட்ரிட்ஜைப் படிக்கும் ஒரு சின்னக் கருவி வாங்கி நகல் எடுத்தேன். மொத்தம் 32 எம்பி. இன்றைக்கு ஒரு நிமிட வீடியோவே அதை விடப் பெரிது. எல்லாப் பதிப்பையும் அது ஏற்காது. ஏற்கும் பதிப்புகளின் பட்டியலை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது ஐரோப்பிய பதிப்பு, தகராறு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் பழைய லேப்டாப்பில் ஃபேன் சத்தம் கூட எழவில்லை.

முதலில் கண்ணில் படுவது வழவழப்பு. மூல கேம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வினாடிக்கு 20 படங்கள்தான் காட்டும். நாங்கள் பார்த்த ஐரோப்பிய பதிப்பில் 17 கூட வராது. இங்கே 60 வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேலும் போகலாம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கேமின் கணக்கு இன்னும் வினாடிக்கு 20 முறைதான் நடக்கிறது. இரண்டு படங்களுக்கு நடுவே இடைப்படங்களைப் போட்டு நிரப்புகிறார்கள், அவ்வளவுதான். அதனால் பட்டனை அழுத்தியதும் கத்தி வீசும் வேகம் பழையபடியேதான் இருக்கும். அதிலும் ஒரு நல்லது உண்டு. எதிரிகளின் வேகம், குதிக்கும் தூரம், பழைய பிழைகள் உட்பட எல்லாம் அசலில் இருந்தபடியே இருக்கின்றன.

ஆரம்பத்தில் கண்ணில் பட்ட வசதியை எல்லாம் போட்டுப் பார்த்தேன். துல்லியமான புதுப் படங்களைச் சுவரிலும் தரையிலும் ஒட்டும் ஒரு டெக்ஸ்சர் பேக், கேமராவை எந்தப் பக்கமும் திருப்பும் வசதி, எல்லாம். டெக்ஸ்சர் பேக் இரண்டு வாரம் கூடத் தாங்கவில்லை. சுவரில் ஒவ்வொரு கல்லும் தெளிவாகத் தெரிய, அதன் முன்னால் பட்டை பட்டையான முகத்தோடு கதாநாயகன் லிங்க் நின்றால் இரண்டும் ஒட்டவே இல்லை. பழைய மங்கலான டெக்ஸ்சர்களுக்கும் அந்த உருவங்களுக்கும் ஒரு பொருத்தம் இருந்திருக்கிறது. எடுத்துவிட்டுப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. கேமரா வசதியையும் கடைசியில் அணைத்துவிட்டேன். இசட் பட்டனால் எதிரியைக் குறிவைத்துச் சுற்றி வருவதுதான் இந்த கேமின் உயிர். கேமராவைக் கையால் திருப்பப் பழகியதும் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது.

கடைசியில் தங்கியவை எல்லாம் மிகச் சின்ன விஷயங்கள். கேமைத் தொடாமல், வழியில் கிடந்த கல்லை மட்டும் எடுத்துப் போடுகிறவை.

உதாரணத்துக்கு, கேமில் வழி சொல்ல வரும் அந்த ஆந்தை. நீளமாகப் பேசிவிட்டு, கடைசியில் மறுபடி சொல்லவா என்று கேட்கும். அவசரத்தில் ஏ பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் மொத்தப் பேச்சும் திரும்ப ஆரம்பிக்கும். இதற்கென்றே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். போட்டுவிட்டால் அழுத்தின வேகத்தில் ஆந்தை பறந்துவிடும். கட்டையைத் தள்ளும் வேகம், ஏணி ஏறும் வேகம், வசனம் ஓடும் வேகம் எல்லாவற்றையும் இப்படிக் கூட்டலாம். கேமை வருடக்கணக்கில் ஆடியவர்களுக்கு எங்கே எரிச்சல் வரும் என்று தெரிந்த கைகள் செய்த வேலை இது.

இவற்றிலெல்லாம் பெரியது இரும்பு பூட்ஸ். வாட்டர் டெம்பிளில் அதைப் போட்டால் மூழ்கலாம், கழற்றினால் மிதக்கலாம். அசலில் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் அழுத்தி, உடைப் பக்கத்துக்குப் போய், பூட்ஸை மாற்றி, திரும்ப வெளியே வர வேண்டும். ஒரே அறையில் ஏழெட்டு தடவை. இங்கே பூட்ஸை ஒரு பட்டனிலேயே வைத்துக்கொள்ளலாம். நான் டி-பேடின் (கன்ட்ரோலரின் நாலு திசை பட்டன்) இடது பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரு தட்டு தட்டினால் கீழே, இன்னொரு தட்டு தட்டினால் மேலே.

அந்த வசதியோடுதான் பழைய சாவியைக் கண்டுபிடித்தேன். நடுக்கோபுரத்துக்குள், ஒக்கரினா என்ற ஊதுகுழலில் செல்டாவின் தாலாட்டு என்ற பாட்டை வாசித்துத் தண்ணீரை நடுமட்டத்துக்கு ஏற்றினால், தரையிலிருந்த கட்டை ஒன்று தண்ணீரோடு மிதந்து மேலே வரும். அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம் திறந்துகொள்ளும். கட்டையில் ஏறி மேலே போகிற அவசரத்தில் கீழே பார்க்கத் தோன்றாது. அன்றைக்கு நாங்களும் பார்க்கவில்லை. இந்த முறை மேலே வந்தவன், சும்மா ஒரு தட்டு தட்டி மூழ்கினேன். காலடியில் கறுப்பாக ஒரு சதுரம். உள்ளே போனால் பெட்டி, பெட்டிக்குள் சாவி. அசலில் மூழ்குவதே ஒரு வேலை என்பதால், சும்மா மூழ்கிப் பார்க்க யாருக்கும் கை வராது. மணி இரவு பதினொன்றரை. உடனே அண்ணனுக்கு போன் செய்தேன், லண்டனில் மாலைதான். "அண்ணே, கட்டைக்கு அடியில இருந்திச்சுண்ணே" என்றேன். எந்தக் கட்டை என்று அவர் கேட்கவே இல்லை.

கன்ட்ரோலர் விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டும். நின்டெண்டோ 64-ல் மஞ்சள் நிறத்தில் நாலு சி பட்டன்கள் இருக்கும். இன்றைய கன்ட்ரோலரில் அதற்கு நேரான இடம் இல்லை. வலது ஸ்டிக்கில் வைத்தால், சண்டையின் நடுவே விரல் பட்டு வேண்டாத பொருளை எடுத்துவிடுகிறது. எக்ஸ், ஒய் என்று பிரித்து வைத்தால் ஒக்கரினா வாசிக்கும்போது குழப்பம், திரையில் இடது அம்பு, கையில் வேறு எங்கோ ஒரு பட்டன். பொருள்களுக்கு ஒரு அமைப்பும் ஒக்கரினாவுக்கு மட்டும் டி-பேடும் என்று பிரித்த பிறகுதான் எனக்குச் சரியாக வந்தது. இடது, மேல், வலது, மறுபடி இடது, மேல், வலது. இப்போது பாட்டு விரலிலேயே இருக்கிறது. ஜைரோ உள்ள கன்ட்ரோலர் இருந்தால், வில்லைக் கையைச் சாய்த்தே குறிபார்க்கலாம். ஒரு முறை பழகிவிட்டால் ஸ்டிக்குக்குத் திரும்ப மனம் வராது.

ஒரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். புதுப் பதிப்பு வந்தபோது அதைத் தனி ஃபோல்டரில் விரித்து, பழையதை அழித்துவிட்டேன். சேமித்த ஆட்டம் எல்லாம் பழைய ஃபோல்டருக்குள் இருக்கும் சேவ் என்ற உள்ஃபோல்டரில்தான் கிடக்கிறது என்பது நினைவில்லை. ஒரு மாத ஆட்டம் போய்விட்டது. பதிப்பு மாற்றும்போது அந்த ஒரு ஃபோல்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சின்ன ஃபைல்தான். ஒரு பென்டிரைவ் போதும்.

கேமையே மாற்றுபவை என்னிடம் நிற்கவில்லை என்று சொன்னேன். ரேண்டமைசர் மட்டும் விலக்கு. எந்தப் பெட்டியில் எந்தப் பொருள் என்பதை அது கலைத்துப் போட்டுவிடும், ஆனாலும் கேமை முடிக்கும் வழி ஒன்று இருக்கும்படி கணக்குப் பார்த்தே கலைக்கும். மனப்பாடமான ஊரில் வீடுகளை எல்லாம் இடம் மாற்றி வைத்த மாதிரி. எங்கும் போகும் வழி தெரியும், எதற்காகப் போகிறோம் என்பது தெரியாது. என் நாலு ஆட்டங்களில் இரண்டு இப்படித்தான். கேமை நேராக ஒரு முறையாவது முடிக்காதவர்கள் இதைத் தொடாதீர்கள். கலைந்ததின் அருமை, கலையாததைத் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

இதற்கு அடுத்து வந்த செல்டா கேமான மஜோராஸ் மாஸ்க்குக்கும் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டுமே 2024 மே மாதம் வந்தவை. இதே குழுவின் 2 ஷிப் 2 ஹார்கினியன் ஒன்று. கேமின் இயந்திர மொழியை ஒரு மென்பொருளே ஒவ்வொரு கட்டளையாக சி மொழிக்கு மாற்றித் தரும் செல்டா 64: ரீகம்பைல்ட் இன்னொன்று. இரண்டாவதுக்குக் கொஞ்சம் புதிய கிராபிக்ஸ் வேண்டும். இரண்டையும் இன்னும் நீண்ட நாள் ஆடவில்லை, அதனால் தீர்ப்பு எதுவும் சொல்லப்போவதில்லை.

மெனுவில் ஒரு மூலையில் கிடக்கும் ஒன்றை முதல் இரண்டு வருடம் நான் திறந்தே பார்க்கவில்லை. வசனங்களைக் கம்ப்யூட்டர் குரல் வாசித்துச் சொல்லும் வசதி. கண் பார்வை இல்லாதவர்களையும் நினைத்து வைத்தது. என் மகளுக்கு ஏழு வயது. ஆங்கிலம் கேட்டால் புரியும், திரையில் ஓடும் எழுத்தைப் படிக்க வேகம் போதாது. ஒவ்வொரு வசனப் பெட்டிக்கும் "அப்பா, என்ன சொல்றாங்க?" என்று கேட்பாள், நானும் வாசித்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். போன தீபாவளி லீவில் அந்த வசதியைப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை.

மூன்றாவது சேவ் அவளுடையது. முதல் கட்டமான டெக்கு மரத்தைத் தாண்டி வேறு ஒரு கட்டத்துக்குள்ளும் அவள் போனதில்லை. ஹைலியா ஏரிக்கரையில் ஒரு மீன்பிடிக் குளம் இருக்கிறது, உள்ளே போக 20 ரூபி. புல்லை வெட்டி வெட்டிக் காசு சேர்த்துக்கொண்டு அங்கே போகிறாள், தூண்டிலைப் போடுகிறாள், மீன் கடித்ததும் கன்ட்ரோலரோடு எழுந்து நிற்கிறாள்.